இருண்ட காலமா, பொற்காலமா?

நம் தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் வீரத்தையும் கொடையையும் ஔவையார் பாடினார். அத்தகடூரை வென்ற சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் பாடினார். இரு தரப்புப் பாடலும் நமக்குக் கிடைத்திருப்பது நற்பேறாகும். ஒன்றை மட்டும் கற்றவர் தகடூரின் வரலாற்றைப் பாதியே அறிந்தவராவர்.

தமிழகத்தையே புரட்டிய மற்றோர் அரசியல் மாற்றத்தில் அந்நற்பேறு நமக்கு வாய்க்கவில்லை. ஏறத்தாழக் கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ஆறாம் நூற்றாண்டு வரை மூவேந்தரையும் வீழ்த்தி ஆண்ட களப்பிரரைப் பற்றியே கூறுகின்றோம். அவர்களைப் பற்றிய முதன்மையான சான்று, அவர்களை வென்ற பாண்டியர் மரபில் வந்த நெடுஞ்சடையன் பராந்தகனின் வேள்விக்குடிச் செப்பேடாகும். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொற்கைகிழான் நற்கொற்றனுக்கு அளித்த ஊரைக் களப்பிரர் பறித்தனர் என்றும், பாண்டியன் கடுங்கோன் நாட்டை மீட்டான் என்றும் அது உரைக்கின்றது. அச்செப்பேடு எழுந்ததோ ஏறத்தாழக் கி.பி. 770இல், களப்பிரர் வீழ்ந்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின்னர். இழந்த ஊரைத் திரும்பப் பெற்றவர் தரப்பின் ஆவணம் அது. வழக்கில் ஒரு தரப்பாரின் வாக்குமூலம் பொய்யாக இருக்க வேண்டுவதில்லை. ஆயினும் அதுவே தீர்ப்பாகிவிடாது.

கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1955இல் வெளிவந்த தம் தென்னிந்திய வரலாற்று நூலில் களப்பிரரை நாகரிகத்தின் பகைவராகவே காட்டினார். ‘இருண்ட காலம்’ என்ற சொல் பாடநூல்களிலும் இடம்பெற்றது. வகுப்பறையில் முந்நூறு ஆண்டுகளை இரண்டே வரிகளில் நாம் கடந்து சென்றோம். பின்னர், 1970களில், மயிலை சீனி. வேங்கடசாமி ‘களப்பிரர் ஆட்சியில் தமிழகம்’ என்னும் நூலில் அக்காலத்தில் தமிழ் நூல்கள் பல தோன்றியதை எடுத்துக்காட்டினார். வச்சிரநந்தி மதுரையில் திராவிட சங்கம் நிறுவியதும் கி.பி. 470இல் என்று தேவசேனரின் ‘தரிசனசாரம்’ கூறுகின்றது. ஆர். எஸ். சர்மாவோ, நிலவுடைமைக்கு எதிரான உழவர் எழுச்சியாக அதனைக் கண்டார்.

மேனாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. 1789ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புரட்சியை மறு ஆண்டே எட்மண்ட் பர்க் பேரழிவின் தொடக்கம் என்றார். இருபதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் லெபெவ்ர் அதனை உழவரின் நிலையில் நின்று ஆராய்ந்தார். பிரான்சுவா ஃபூரே அவ்வழி வந்த விளக்கத்தையும் மறுத்தெழுதினார்.

வரலாறு இவ்வாறு மாறிக்கொண்டே இருப்பின் அதில் உண்மை எங்கே என்று இளைஞர் வினவுவர். மாற்றத்தின் காரணத்தைப் பிரித்தறிதல் வேண்டும். புதிய சான்றால் மாறுவது அறிவு வளர்ச்சி. புதிய வினாவால் மாறுவதும் அத்தகையதே. புதிய விருப்பத்தால் மாறுவது மட்டும் வளர்ச்சியன்று.

இவ்விடத்தில் நாம் நம்மையே சோதித்துக்கொள்ள வேண்டும். களப்பிரர் காலத்தைச் சமணரின் பொற்காலம் என்று ஒருவர் மேடையில் முழங்கினால் நம் உள்ளம் மகிழ்கின்றது. சான்றுகளோ அவ்வளவு எளியனவல்ல. பௌத்த ஆசிரியர் புத்ததத்தர், களப்பிர குலத்து அச்சுதவிக்கந்தன் ஆட்சியில் சோழநாட்டிலிருந்து பாலி நூல் இயற்றினார். சிவகங்கை மாவட்டத்துப் பூலாங்குறிச்சிக் கல்வெட்டு தேவகுலங்களையும் பிரமதாயத்தையும் குறிப்பிடுகின்றது. அதில் வரும் கோச்சேந்தன் கூற்றனைக் களப்பிர மன்னன் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அஃது உண்மையாயின், களப்பிரர் ஒரு சமயத்தை மட்டும் போற்றினர் என்பதும், அந்தணர் நிலங்கள் அனைத்தையும் அழித்தனர் என்பதும் ஒருங்கே ஆட்டங்காணும்.

ஒரு பொருளின் ஒரு கூற்றைக் காண்பதை நம் ஆசாரியர்கள் நயம் என்றனர். அக்கூறே முழுப்பொருள் என்று சாதித்துப் பிற கூறுகளை மறுப்பின் அது துர்நயமாகும். ‘இருண்ட காலம்’ என்றவரிடம் நாம் காணும் அக்குற்றம், ‘பொற்காலம்’ என்று நாம் உரைக்குங்கால் நம்மையும் வந்து சேரும். பழித்தவரிடம் சான்று கேட்கும் நாம், புகழ்ந்தவரிடமும் கேட்க வேண்டாவோ? வாய்மை விரதம் பிறர் கூறும் பொய்யை மறுப்பதோடு நிறைவுறுவதில்லை. நமக்கு இனிக்கும் அரைகுறை உண்மையையும் விலக்கச் சொல்கின்றது.

அநேகாந்தம் என்பது எல்லாக் கூற்றும் சரியே என்று கைகட்டி நிற்பதன்று. எந்த நிலையில் நின்று, எந்தச் சான்றால், எவ்வளவு கூற இயலும் என்று அளந்து உரைப்பதே அது. நம் பிள்ளைகள் களப்பிரரைப் பற்றிக் கேட்டால், செப்பேட்டையும் கல்வெட்டையும் நூல்களையும் அவர்கள் முன் வைப்போம். யார், எப்போது, எதற்காக எழுதினர் என்று கேட்கப் பழக்குவோம். சமணரின் பெருமையைக் காக்க மிகைக்கூற்று வேண்டுவதில்லை. நற்காட்சியின் துணை போதும்.