பொதுக் கடற்கரையும் நீதியும்

கடற்கரையில் விதியை மீறி எழுந்த கட்டடத்தை அரசு இடிக்க முற்படும்போது இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. கரை எல்லோருக்கும் பொது என்பது ஒன்று. பணமும் உழைப்பும் போட்டவரின் உரிமை மற்றொன்று.

முதல் நியாயம் மிகப் பழையது. கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட ரோமானியச் சட்டநூல் காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவற்றை இயற்கை நியதிப்படி மனிதர் அனைவருக்கும் பொதுவாக்கியது. கரையில் எவரும் குடிசை போட்டு ஒதுங்கலாம், வலை உலர்த்தலாம். கரையைத் தமதென்று சொல்ல முடியாது. 1996இல் கமல்நாத் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் இந்தக் கோட்பாட்டை ஏற்றது. இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலர். கோயில் அறங்காவலர் கோயில் நிலத்தை வேண்டியவருக்கு எழுதிக்கொடுக்க முடியாததுபோல, அரசும் கரையைத் தனியாருக்குத் தாரைவார்க்க முடியாது.

இரண்டாம் நியாயத்துக்கு ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் லாக் வடிவம் தந்தார். பொதுவில் கிடப்பதில் உழைத்தவர் அதைத் தமதாக்கிக்கொள்ளலாம். ஆனால் பிறருக்கும் அதே அளவு, அதே தரத்தில் மிஞ்சியிருக்க வேண்டும். கடற்கரை விஷயத்தில் இந்த நிபந்தனை நிறைவேறாது. ஒரு விடுதியின் சுற்றுச்சுவர் எழுந்த இடத்தில் படகேற்றவும் கரைவலை இழுக்கவும் வழியில்லை. மணல்மேட்டைச் சமன் செய்தால், புயல் அலையைத் தடுக்கும் அரணும் போய்விடுகிறது. அந்த இழப்பு பின்னால் குடியிருப்பவர்கள் தலையில் விழுகிறது. ஆகவே லாக்கின் வாதமே கட்டியவருக்கு எதிராகத் திரும்புகிறது.

உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இந்தியாவில் 1991இல் வந்தது. ஓதம் ஏறும் காயல் கரைகளுக்கும் அது பொருந்தியது. கொச்சியை அடுத்த மரடுவில் இதை மீறிய நான்கு அடுக்குமாடி வளாகங்கள், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அவற்றுக்கு உள்ளாட்சி அமைப்பு அனுமதி தந்திருந்தது. அதை நம்பிப் பலர் வீடு வாங்கியிருந்தனர். அவர்களுக்குத் தலா 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரவும், அதைக் கட்டுமான நிறுவனங்களிடம் வசூலிக்கவும் நீதிமன்றம் வழி செய்தது. இடிப்பது நியாயம், ஏமாந்தவர் முழுச்சுமையையும் தாங்குவது அநியாயம். இரண்டையும் அந்த உத்தரவு ஏற்றுக்கொண்டது.

இரக்கம் காட்ட வேண்டிய இடமும் உண்டு. பொதுவிதி எல்லாச் சூழலையும் முன்கூட்டி அறிய முடியாது என்பதால் அதைத் திருத்தும் நேர்மை உணர்வு வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். மீனவர் குடிசை கரையின் தொழிலோடு ஒட்டியது, யாரையும் விலக்குவதில்லை. உல்லாச விடுதி கரையை அடைத்துப் பிறரை விலக்குகிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது சமத்துவம் ஆகாது. குடிசையை உடனே அகற்றி, விடுதிக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் தருவது அப்பட்டமான அநீதி. அடித்தளம் போடும்போதே தடுப்பதுதான் அறங்காவலரின் கடமை. தாமதம் கூடக் கூடக் குற்றமற்றவர்கள் தரும் விலையும் கூடுகிறது.