நம்பாததை எழுதிய பேனா

பெரிய எழுத்தாளர்களைப் பற்றிய விந்தைச் செய்திகளைச் சேகரித்து, சந்தித்த இடங்களிலெல்லாம் சொல்லி மகிழ்வது படித்தவர்களிடையே ஒரு பொழுதுபோக்கு. யாழ்ப்பாணத்தில் அவ்வாறு அதிகம் சொல்லப்படுவது, சைவத்தின் காவலர் எனப் போற்றப்படும் ஆறுமுக நாவலர் தம் இளமையில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத்தைத் தமிழாக்கினார் என்பதாகும். 1850இல் அது அச்சேறியது. அன்பர்கள் இதை அவரது புலமைக்குச் சான்றாகக் கூறுவர். வேண்டாதவர்கள் சிறு சிரிப்போடு கூறுவர். தான் நம்பாத ஒன்றைப் பிறர் தேவைக்காக எழுதித் தருபவன் நேர்மையானவனா என்ற கேள்வியை இரு சாராரும் எழுப்புவதில்லை.

இதன் மறுபுறத்தை வட்டுக்கோட்டையிற் காணலாம். இன்றைய யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றுவதற்கு முன், அங்கே அமெரிக்க மிஷன் 1823இல் நிறுவிய செமினரி இருந்தது. அதன் அதிபராயிருந்த ஹென்றி ஹொய்சிங்டன் கடல் கடந்து வந்தது சைவத்தை வளர்ப்பதற்கன்று. ஆயினும் சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக் கட்டளை ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் ஆக்கியவர் அவரே. அமெரிக்கக் கீழைத்தேயக் கழகம் 1854இல் அவற்றை வெளியிட்டது. எதிரியின் படைக்கலத்தை அளந்து பார்க்கவே அப்படிச் செய்தார் என்று சொல்லலாம், சொல்வதில் தவறுமில்லை. ஆனால் மறுப்பதற்காகவேனும் ஒரு நூலை மொழிபெயர்க்க அமர்ந்தவன், அந்நூலாசிரியன் சொன்னதை அவன் கருதியபடியே சொல்லக் கடமைப்பட்டவன். திரிக்காதவரையில் அவன் நேர்மைக்கு இழுக்கில்லை என்றே நான் கருதுகிறேன்.

தமக்கு உடன்பாடில்லாத பாடத்தைத் தமக்கு உடன்பாடில்லாத அரசின் சம்பளத்துக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே எத்தனை பேர்! பாடத்தைப் பிழையறக் கற்பித்துவிட்டு, மாலையில் வாசிகசாலையில் தம் கருத்தை அஞ்சாமற் பேசுகிறவரை வேடதாரி என்று நாம் சொல்வதில்லை. நாவலரும் தம் சைவத்தை ஒளிக்கவில்லை. 1848இல், விவிலியம் அச்சேறுவதற்கு முன்னரே, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார்.

அவரிடம் குறை காண வேண்டுமாயின் விவிலியத்திலன்று, சாதி வேறுபாட்டை அவர் தம் நூல்களில் நியாயப்படுத்திய இடங்களிலே காண வேண்டும். அவை எவரும் ஏவி எழுதுவித்தவையல்ல. மனமார நம்பி எழுதியவை. நம்பாமல் எழுதியதைச் சொல்லிச் சிரிக்கும் நாம், நம்பி எழுதிய இந்தப் பக்கங்களை ஏன் விந்தையென்று எவருக்கும் சொல்வதில்லை? அவை நமக்கு இன்னும் விந்தையாகத் தோன்றவில்லை போலும்! 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுள் செல்ல ஒடுக்கப்பட்ட மக்கள் வந்து நின்றபோது, வழி மறித்தவர்களும் மனமார நம்பியே மறித்தார்கள்.