கொள்ளிக்குடம்

சென்ற மாதம் திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். இறந்தவருக்கு வயது நாற்பதுக்குள். கொள்ளி வைத்த பையனுக்கு ஒன்பது. மொட்டைத் தலையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். வந்தவர்கள் எல்லோரும் அவன் தோளைத் தொட்டு ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "அழக்கூடாதப்பா, இனிமேல் இந்த வீட்டுக்கு நீதான் எல்லாம்." நானும் அதையே சொன்னேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மனத்தில் உறைத்தது. நான் சொன்னது ஆறுதலா, அநியாயமா?

புதுக்கோட்டை அரண்மனையும் இந்தத் துயரத்தை அறியும். 1807-இல் விஜயரகுநாதத் தொண்டைமான் காலமானபோது, பட்டத்துக்கு வந்த மகனுக்குப் பத்து வயதிருக்கும். தஞ்சாவூர் ரெசிடெண்டாக இருந்த பிளாக்பர்ன் துரை நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டார். 1839-இல் அந்த மகனுடைய தம்பி ரகுநாதத் தொண்டைமான் இறந்தார். அவர் மகன் இராமச்சந்திரருக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை. பின்னாளில் இராமச்சந்திரர் வீண் செலவுக்காக ஆங்கில அரசின் கண்டனத்துக்கு ஆளானார். 1878-இல் சேஷையா சாஸ்திரியார் திவானாக வந்துதான் நிலைமை சீர்பட்டது. தகப்பனை இழந்ததால் வந்த வினை என்று சொல்ல நான் துணிய மாட்டேன். தகப்பன் இருந்தும் ஊதாரியான ராஜாக்கள் கொஞ்சமா என்ன!

ஆனால் ஒன்று. அரண்மனைப் பிள்ளைக்குக் கொடுத்தது பட்டம் மட்டுமே. பாரத்தை, அவன் வளரும்வரை, பெரியவர்கள் சுமந்தார்கள். நாம் ஏழை வீட்டுப் பிள்ளையின் தலையில் பாரத்தையே ஏற்றிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம்.

இதைப் பள்ளி ஆசிரியரான நண்பரிடம் சொன்னேன். எட்டு வயதில் தகப்பனாரைப் பறிகொடுத்தவர் அவர். "சடங்கைக் குறை சொல்லாதீர்கள்" என்றார். "தோளில் குடம், அதில் துளை, ஒவ்வொரு சுற்றிலும் முதுகில் தண்ணீர் வழிந்தது. அந்தக் குளிர்ச்சி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அப்பாவுக்காக நான் செய்த கடைசிக் காரியம் அது. சின்னப்பிள்ளை என்று அடுத்த வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அவர்களை மன்னித்தே இருக்க மாட்டேன்."

அவர் சொன்னது நியாயந்தான். குடத்தைச் சுமக்கலாம், மூன்று சுற்றில் அது இறங்கிவிடும். "நீதான் எல்லாம்" என்ற வார்த்தையை எப்போது இறக்கி வைப்பது?

நடிகர் ஜெமினி கணேசன் 1920-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அத்தை முத்துலட்சுமி ரெட்டி அவரைச் சென்னைக்கு அழைத்துப்போய் ஆதரித்தார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் கண்ட அந்த அம்மையாருக்கு, பிள்ளைக்கு வேண்டியது வார்த்தையல்ல, ஒரு வீடு என்று தெரிந்திருந்தது. எல்லோருக்கும் அப்படி ஓர் அத்தை வாய்ப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

திண்ணைப் பையனுக்கு ஒரு தங்கை உண்டு. அன்றைக்கு அவள் தோளை யாரும் தொடவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கருமாதிக்கு மறுபடி போனேன். பையன் அப்பாவின் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இதிலே அப்பா உன்னை எங்கே கூட்டிக்கொண்டு போவார்?" என்று கேட்டேன்.

"கோட்டைக்கு" என்றான். பிறகு வெகுநேரம் பேசினான். நடுவே அழுதான். உள்ளேயிருந்து தங்கை வந்து, "என்னையுந்தான் கூட்டிக்கொண்டு போனார்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் போய்விட்டது. அடுத்தது ஏழு மணிக்கு என்றார்கள்.