கடந்து செல்வோரின் கடன்

ஊர் என்பது மனிதர் தங்கி வாழும் இடம்; வழி என்பது அவர்கள் கடந்து செல்லும் இடம். இவ்விரண்டையும் நாம் வேறு வேறாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆனால் பிறருடைய வழியாக இருப்பதே சில ஊர்களுக்கு வாழ்வாகி விடுகிறது. இராயபுரத்தில் தொடங்கி, திருவொற்றியூரைத் தொட்டு, எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடற்கரை அத்தகையது. அவ்வழியால் பயன்பெறும் நாம், அங்கு வாழ்வோருக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. 1873-இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தபின் பயணிகளின் திரள் படிப்படியாக அங்கே சென்றது. மீனவரான புனித இராயப்பரின் பெயரால் அமைந்ததாகச் சொல்லப்படும் அவ்வூருக்கு எஞ்சியது பெரும்பாலும் சரக்கின் ஆரவாரமே.

கடல் இன்னும் தெளிவான பாடம் சொல்கிறது. இக்கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியும் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே சுமந்து செல்கின்றன. 1870-களில் தொடங்கி, 1881-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மீண்டும் எழுப்பப்பட்ட துறைமுகத்தின் கற்சுவர்கள் அம்மணலை மறித்தன. மறிக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்ததால் மெரினா அகன்றது. வரவேண்டிய மணல் வராமையால், வடக்கே கடல் கரையைத் தின்றது. மீனவர் குப்பங்கள் நிலமிழந்தன. எஞ்சியதைக் காக்கப் பாறைகள் கொட்டப்பட்டன; படகை இழுத்தேற்ற மணற்கரை இல்லாமற் போயிற்று.

மெரினாவில் மாலைக் காற்று வாங்குவோர் எவரும் இராயபுரத்தாரின் நிலத்தைப் பறித்தவர் அல்லர். ஆயினும், ஒரு சாராருக்கு ஈந்த அதே சுவர் மற்றொரு சாராரிடமிருந்து எடுத்துக்கொண்டது. குற்றம் இல்லாதவிடத்துக் கடன் உண்டா? உண்டு என்பதே நம் துணிபு. குற்றம் செய்கையைப் பொறுத்தது. கடன் பெற்ற பயனைப் பொறுத்தது. அறியாமல் பெற்ற பயனுக்கு எவரும் நம்மைத் தண்டிக்க இயலாது. ஆனால் அறிந்த பின்னும் வாளாவிருப்பது நம் செய்கையே ஆகிவிடுகிறது.

“துறைமுகமும் ஆலைகளும் அம்மக்களுக்கு வேலை தரவில்லையா?” என்று கேட்பார் உளர். தந்தன, அதை மறுப்பது நேர்மையாகாது. எனினும் கூலி என்பது உழைப்புக்கு ஈடு, மூச்சுக்கு ஈடன்று. மேலும், கூலி பெறுபவர் ஒருவர். கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே பள்ளிக்குச் செல்லும் குழந்தை வேறொருவர். ஒருவருக்குக் கொடுத்ததைக் காட்டி மற்றவருடைய கணக்கைத் தீர்த்துவிட முடியாது.

குழாயும் ஒரு வழியே. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. நள்ளிரவில் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வீடுகளைத் துறந்து ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். உரத்தின் பயன் தொலைவிலுள்ள வயல்களுக்கு. அந்த இரவின் அச்சமோ குப்பங்களுக்கு.

எனவே வழிகளே வேண்டாம் என்பதா? அன்று. 2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ இரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. மீனம்பாக்கம் விமான நிலையத்தோடு திருவொற்றியூர் ஒரே தடத்தில் இணைந்தது. இத்தடமும் பிற ஊர்களைக் கடந்துதான் செல்கிறது. ஆனால் அது அவ்வூர்களில் நின்று, கதவைத் திறக்கிறது. அங்குள்ளோரும் ஏறலாம். நீதியான வழிக்கு இதுவே முதல் அடையாளம்: யாருடைய வாசலைக் கடக்கிறதோ, அவருக்கும் அது வழியாக இருத்தல்.

ஆனால் நிலக்கரிக்கும் எரிபொருளுக்கும் இத்தகைய நிறுத்தம் அமைக்க இயலாது. அங்கே கடன் வேறு வடிவில் தீர்க்கப்பட வேண்டும். புதிய சாலையோ குழாயோ அமையுமுன் அங்கு வாழ்வோரைக் கேட்டல், ஆபத்தை மறைக்காது அறிவித்தல், கெட்ட காற்றையும் நீரையும் சீர்செய்யும் செலவைப் பொருளின் விலையிலேயே சேர்த்தல் ஆகியவை அவ்வடிவங்கள். அதனால் விலை சிறிது ஏறினால், அது புதிய சுமையன்று. இதுகாறும் வேறொருவர் நமக்காகச் சுமந்தது.

நல்ல சமாரியர் உவமை ஒரு சாலையில்தான் நிகழ்கிறது. விலகிச் சென்ற இருவருக்கும் எரிகோ சாலை வெறும் வழியாகவே இருந்தது. சமாரியருக்கோ அது ஒரு மனிதன் கிடக்கும் இடமாயிற்று. வடசென்னை வழியே வரும் மின்சாரத்தையும் எரிபொருளையும் உரத்தையும் நாள்தோறும் பயன்படுத்தும் நாம், எப்பார்வை கொண்டு அக்கரையைக் காண்கிறோம்?