பெற்றோர் நகைக்கலாமா?

உலகவாழ்வு துக்கத்தோடு கூடியது என்று உணர்ந்தவர், மக்களைப் பெற்று வளர்க்கும் பாரத்தின் நடுவே நகைத்துப் பேசுவது தகுமா? இல்லறத்தாராகிய உபாசக அன்பர் பலர் எழுப்பும் ஐயம் இது. கூலி குறைந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, பள்ளிக்குக் கட்ட வேண்டிய பணத்துக்கு நாளும் நெருங்கிய வேளையில் வேடிக்கை பேசும் தந்தையைக் கண்டு, "இவனுக்குப் பொறுப்பு இல்லை" என்கிறது ஊர். வாய்மூடி முகம் சுளித்திருக்கும் தந்தையைக் கண்டு, "இவனுக்கு நெஞ்சு கல்" என்பதும் அதே ஊர்தான். ஊரார் வாய்க்கு அஞ்சி முடிவு செய்யத்தக்க பொருளன்று இது. ஆராய்ந்தே அறிய வேண்டும்.

நகையைக் கண்டிப்போர் தம்மபதத்தைத் துணைக்கு அழைப்பர். முதுமையைப் பற்றிய அதன் பகுதி, பற்றியெரியும் உலகில் களிப்புக்கு இடமேது என்னும் பொருள்படவே தொடங்குகிறது. ஆயின் அச்சொல் எவரை நோக்கி எழுந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். விசாகையோடு வந்த பெண்கள் சிலர் கள்ளுண்டு மயங்கி, அறவுரை கேட்க வந்த இடத்திலேயே ஆடியும் சிரித்தும் நின்றனர் என்றும், அவர்களைத் தெளிவிக்கவே அது கூறப்பட்டது என்றும் உரை சொல்கிறது. ஆகவே அங்கே கடியப்பட்டது மயக்கத்தின் நகை. குடித்துவிட்டு வீடு திரும்பும் தந்தையின் வேடிக்கைக்குப் பிள்ளை சிரிக்கிறதா, சிரிக்காவிட்டால் அடி விழும் என்று அஞ்சிச் சிரிக்கிறதா? அதை அறிந்தவர்க்கு அக்கண்டனத்தின் பொருள் விளங்கும். தெளிந்த அறிவோடு பிறக்கும் நகையின் நிலை வேறு.

நம் முன்னோர் நகையை இழிவாக எண்ணவில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டினை எண்ணுமிடத்து நகையையே முதலில் வைக்கிறது. அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினிடமாகத் தோன்றும் என்றும் வகுக்கிறது. எள்ளல் என்பது இகழ்ச்சி. இளமை என்பது குழவித்தன்மை. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது பிறர் சொன்னதைப் பற்றிக்கொண்டு விடாத தன்மை. குழந்தை உள்ள வீட்டில் இந்நான்கும் நாள்தோறும் நிகழ்வன. இவற்றுள் பெற்றோர்க்கு ஆவது எது, ஆகாதது எது என்று பகுத்தறிவதே நமது வேலை.

பொன்முடி மலையை எண்ணிப் பார்ப்போம். திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே, விதுரையைக் கடந்து, கல்லாற்றுக்கு மேல் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. விடுமுறை நாளில் வருவோர்க்கு அது மூடுபனியும் குளிர்காற்றும். ஆனால் அம்மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளரின் வழிவந்தோர் தலைமுறைகளாய் வாழ்ந்து வருகின்றனர். அங்குள்ள தாய்க்கு அதே பனி, விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் ஈர விறகு; அதே சரிவு, முதுகிற் கூடையோடு ஏறவேண்டிய ஏற்றம். லயத்து அறையொன்றில் சமையலும் படுக்கையும் பிள்ளையின் பாடமும் நடக்கும். அண்மையிலுள்ள போணக்காட்டுத் தோட்டம் நலிவுற்று, ஊதியம் ஒழுங்காகக் கிடைக்காமல் தொழிலாளர் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அல்லலுற்றது கேரளம் முழுவதும் அறிந்த செய்தி.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்த தோட்டங்களில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்கள் பிள்ளைகளுக்குக் காப்பகம் அமைக்கப் பணித்தது. பகலில் பிள்ளைக்குக் கூரையும் ஆயாளும் தேவை என்பதைச் சட்டம் கண்டது. மாலையில் திரும்பும் தாயின் முகம் பிள்ளைக்கு எப்படித் தோன்ற வேண்டும் என்பதை எந்தச் சட்டமும் எழுத இயலாது. அதை அவளே எழுத வேண்டும். கால்விரலிடுக்கில் ஒட்டிய அட்டையைப் பிடுங்கி எறிந்துகொண்டே அவள் பிள்ளையைப் பார்த்து, "இன்று இந்த அட்டைக்கும் நானே சோறு போட்டேன்" என்று சொல்லிச் சிரிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இது பொறுப்பின்மையா? அட்டை கடித்தது உண்மை. வலித்ததும் உண்மை. இரண்டையும் அவள் மறைக்கவில்லை. பிள்ளை அஞ்சாதபடி அவ்வுண்மைக்கு ஒரு பிடி வைத்துக் கொடுத்தாள், அவ்வளவே. நகைச்சுவையின் உயர்ந்த பயன் இதுவே என்று நாம் கருதுகிறோம். பெரியோர் சுமக்கும் உண்மையைச் சிறுவர் தூக்கிப்பார்க்கும் அளவுக்கு அது இலேசாக்குகிறது.

இங்கே கடினமான ஒரு வினா எழுகிறது. பானையில் ஒருவர்க்கே சோறு இருக்கையில், "நான் முன்பே உண்டுவிட்டேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லாத ஏழைத்தாய் உண்டோ? இது பொய்யன்றோ? குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்ம்மையையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்று வள்ளுவர் கருதினார். ஆனால் பகவான் தம் மகன் இராகுலனுக்கு, நீர்ப்பாத்திரத்தைக் காட்டி அறிவுறுத்தியபோது, விளையாட்டுக்காகக்கூடப் பொய் பேசாதிருக்கப் பழகும்படி கற்பித்தார். தந்தை மகனுக்குக் கூறிய அறிவுரையில் விளையாட்டுப் பொய் தனியே குறிக்கப்பட்டது எதனால்? பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் இடையே பொய் நுழையும் முதல் வாயில் விளையாட்டே என்பதனால் அன்றோ? "அழுதால் பூச்சாண்டி பிடித்துக்கொள்வான்", "சொன்னபடி கேட்காவிட்டால் கங்காணி தூக்கிப் போவார்", "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று எத்தனை வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்கிறோம்! சொன்னவன் மறந்துவிடுகிறான். மடன் என்று இலக்கணம் கூறிய தன்மையால் பிள்ளை அதைப் பற்றிக்கொண்டு, நள்ளிரவில் விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிறகு அது அறிவு வளர்ந்து பொய்யைக் கண்டுகொள்ளும் நாளில், அச்சம் மட்டுமா போகிறது? தந்தை சொல்லின்மேல் வைத்த நம்பிக்கையும் உடன் போகிறது.

உண்ணாத தாயை நாம் குற்றவாளியாக்க வரவில்லை. அவளைப் பட்டினியில் வைத்த ஏற்பாடே முதற் குற்றவாளி. எனினும் அவளுக்கு வேறொரு வழியும் உண்டு என்கிறோம். "என் வயிறு இன்று வேலைநிறுத்தம் செய்கிறது, நீ உண்டு முடி, நாளை இருவரும் பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று அவள் சொல்லலாம். வயிறு வேலைநிறுத்தம் செய்யாது என்பது பிள்ளைக்கும் தெரியும். தாய் உண்ணவில்லை என்பதும் அதற்குத் தெரியும். ஏமாந்தவர் எவரும் இல்லை. தன் பங்கில் ஒரு கவளத்தைத் தாய்க்கு நீட்டும் வாய்ப்பும் அப்பிள்ளைக்குக் கிட்டுகிறது. பொய் அவ்வாய்ப்பைப் பறித்துவிடும். நகை அதைக் கொடுக்கும். இருவரும் உண்மையை அறிந்தே ஆடும் ஆட்டம் நகைச்சுவை. ஒருவரை அறியாமையில் வைத்து மற்றவர் ஆடுவது வஞ்சம்.

எள்ளலைப் பற்றிக் கூறாமல் விடுதல் ஆகாது. பிள்ளையின் கருநிறத்தையும், திக்கும் நாவையும், தவறிய கணக்கையும் சொல்லி அவையில் சிரிப்பது பல குடும்பங்களில் வழக்கமாயிருக்கிறது. "அன்பினாலே கேலி செய்கிறோம்" என்பர். உலகம் நம்மவரை எத்தனை பட்டப்பெயரால் அழைத்துச் சிரித்தது என்பதை நாம் அறிவோம். வெளியிலே நம்மைச் சுட்ட அதே கொள்ளியை வீட்டுக்குள் கொண்டுவந்து பிள்ளையின் மேல் வைக்கலாமா? இளங்குழந்தை ஒன்றை மடியில் வைத்திருந்த அபயராஜகுமாரனிடம் பகவான், அக்குழந்தை கல்லை வாயிற் போட்டுக்கொண்டால் என் செய்வாய் என்று வினவினார். இரத்தம் வரினும் விரலிட்டு எடுப்பேன், அதன்மேல் எனக்கு இரக்கம் உண்டாதலால் என்றான் அரசகுமாரன். சொல்லும் அவ்வாறே உண்மையும் பயனும் உடையதாய், காலம் அறிந்து கூறப்படுவதாய் இருத்தல் வேண்டும் என்பது அங்கே பெறப்பட்டது. பிள்ளையைப் பற்றிப் பேசும் வேடிக்கையையும் இவ்வளவுகோலால் அளந்து பாருங்கள். பெரும்பாலானவை நாவிலேயே நின்றுவிடும்.

அப்படியாயின் யாரைப் பார்த்து நகைப்பது? நம்மையே பார்த்து நகைக்கலாம். வியன்னா நகரத்து மருத்துவர் பிராய்டு 1927-ஆம் ஆண்டில் நகைச்சுவை பற்றி எழுதிய கட்டுரையில் அரிய கருத்தொன்றைக் கூறினார். குழந்தைக்குப் பெரிதாய்த் தோன்றும் துன்பத்தைப் பெரியவர் சிறிதென்று கண்டு புன்னகைப்பது போல, நகைச்சுவை உடையவன் அஞ்சி நிற்கும் தன் மனத்தையே குழந்தையாக்கித் தானே அதற்குப் பெற்றோனாய் நின்று தேற்றுகிறான் என்பது அதன் சாரம். நம் நாட்டுத் தாய்மார் இதை ஏட்டில் படிக்காமலே அறிந்திருந்தனர். தாலாட்டைக் கேளுங்கள். அழும் பிள்ளையை அடித்தவர் யார் என்று உறவினர் ஒவ்வொருவர்மீதும் பழி சுமத்தி, அடித்த கோலையும் பூவாக்கிவிடுகிறாள் தாய். பிள்ளைக்கு அப்பாட்டின் பொருள் தெரியாது. தேறுவது யார்? பகலெல்லாம் உழைத்து, உறக்கமின்றித் தொட்டிலாட்டும் அவளே.

பாண்டியன் அறிவுடைநம்பி பாடியதாகப் புறநானூற்றில் ஒரு செய்யுள் உண்டு. எவ்வளவு செல்வம் படைத்தவர்க்கும், நெய்ச்சோற்றைப் பிசைந்து மேலெல்லாம் பூசிக்கொள்ளும் சிறு குழந்தை இல்லையெனின் வாழ்நாளால் பயனில்லை என்பது அதன் கருத்து. அரசனுடைய ஒழுங்கான உணவைக் குழந்தை குலைக்கிறது, அரசன் மகிழ்கிறான். தன் அதிகாரம் ஒரு பிடிச் சோற்றுக்கு முன் தோற்பதைக் கண்டு மகிழ்வதற்கு, "நான்" என்னும் செருக்குச் சிறிதேனும் தளர வேண்டும். பெற்றோர் நகையில் அறம் இருப்பது இங்கேதான். எவன் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறானோ அவன் கை பிள்ளையை அடிக்க ஓங்காது. 2024-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் முந்நூற்றுக்கு மேற்பட்டோரிடம் வினவியபோது, பத்துப் பேரில் ஏழு பேர் நகைச்சுவை பிள்ளை வளர்ப்புக்குப் பயன்தரும் கருவி என்று ஒப்பினர்.

ஆனால் நகைக்கு எல்லையும் உண்டு. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த எழுபது பேர், பிள்ளைகளும் உட்பட, மண்ணுள் மறைந்தனர். அத்தகைய இடத்தில் வேடிக்கை பேசித் தேற்ற முயல்வோன் தேற்றுபவன் அல்லன். தன் அச்சத்தை மறைப்பவன். அங்கே உடனிருத்தலே அறம்.

விசுத்திமார்க்கத்தில் புத்தகோசர், நான்கு பிள்ளைகளை உடைய தாயை உவமையாகக் காட்டுகிறார். மழலைப் பிள்ளை வளர வேண்டும் என்று அவள் விரும்புகிறாள், அது மைத்திரி. நோயுற்ற பிள்ளை தேற வேண்டும் என்று உருகுகிறாள், அது கருணை. இளமை பொலியும் பிள்ளையின் இன்பம் நீடிக்க வேண்டும் என்று மகிழ்கிறாள், அது முதிதை. தன் கடமையைத் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளையைப் பற்றிக் கவலையுறாது இருக்கிறாள்; அது உபேட்சை. ஒருத்தியின் நெஞ்சிலேயே நான்கும் இருக்கின்றன. எந்தப் பிள்ளைக்கு எப்போது எது என்று அறிவதே தாயின் அறிவு. நகையும் அவ்வாறே. மழலையோடு சேர்ந்து நகைக்கலாம். நோயுற்ற பிள்ளையின் அருகில் அது நகைத்த பிறகே நாம் நகைக்க வேண்டும். வளர்ந்த பிள்ளை நம்மைப் பார்த்து நகைத்தால் பொறுத்துக்கொள்ளவும் வேண்டும்.

ஆகவே அன்பர்களே, பெற்றோர் நகைக்கலாம். மயக்கத்தால் நகைக்க வேண்டா. எள்ளி நகைக்க வேண்டா. பொய்யால் நகைக்க வேண்டா. நம் கையில் பொருள் இல்லாதிருக்கலாம்; லயத்துக் கூரை ஒழுகலாம். கூரை செப்பனிடப்பட வேண்டும் என்று உரிமையோடு கேட்பதை நகைப்பு நிறுத்திவிடக் கூடாது. கேட்டுவிட்டு வந்த இரவில், ஒழுகும் இடந்தோறும் பாத்திரம் வைக்கும்போது, எந்தப் பாத்திரம் முதலில் நிரம்பும் என்று பிள்ளையோடு பந்தயம் கட்டுங்கள். பிள்ளை வென்றால் ஒத்துக்கொள்ளுங்கள்.