எந்தப் பக்கம் வீடு வாங்குவது?

கோயில் உள்ள ஊராகப் பார்த்துக் குடியேறச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். 1985இல் ஹெலன்ஸ்பர்க்கில் வேங்கடேசப் பெருமாள் எழுந்தருளிய பின், அதற்குத் தெற்கே வொலங்கொங் கடற்கரையில் வீடு தேடும் அன்பர்களுக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் பிரசாத வரிசையில் அடிபடும் பேச்சு மட்டும் மாறவில்லை: எந்தப் பக்கம் வாங்குவது?

இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று நிலத்தைப் பற்றியது. கடற்கரை ஊர் என்றதும் நாம் கடலுக்குத்தான் பயப்படுகிறோம். 1998 ஆகஸ்ட் 17ஆம் தேதி அங்கே வீடுகளுக்குள் புகுந்தது கடல் அல்ல. மேற்கே சுவர்போல் நிற்கும் மலைச்சரிவிலிருந்து இறங்கிய ஓடைகள். மரமும் குப்பையும் அடித்து வந்து பாலங்களின் கீழே அடைத்துக்கொள்ள, தண்ணீர் தெருவழியே பாய்ந்தது. ஆகவே ஓடை எங்கே, சரிவு எப்படி, ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று துருவித் துருவிக் கேட்பது குடும்பஸ்தரின் கடமை.

மற்றதைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறோம். "அங்கே எப்படிப்பட்ட ஆட்கள்?"

போர்ட் கெம்ப்லா, கிரிங்கிலா என்றால் முகம் சுளிக்கிறோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருக்காலை வேலைக்கென்று வந்த இத்தாலியர், மாசிடோனியர், பின்னர் துருக்கியர் எனப் பலர் குடியேறிய இடங்கள் அவை. நாமும் அப்படி வந்தவர்கள்தாம். நிறம் பார்த்துத் தடுத்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையின் மிச்சம் மீதியையும் 1973இல் விட்லம் அரசு நீக்கிய பிறகே நம்மவர் பெருந்தொகையாக இந்நாட்டுக்கு வர முடிந்தது.

ஊரிலும் இந்தக் கேள்வி இருந்தது. எந்தத் தெரு என்று கேட்டால் போதும், சாதி தெரிந்துவிடும்; அதற்காகவே கேட்டார்கள். அதையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோமோ என்று ஐயமாக இருக்கிறது. (இங்கே பிறந்த பிள்ளைகள் இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.)

அப்படியானால் நம்மவர் அருகே இருக்க ஆசைப்படுவது தவறா? இல்லை. வயதான தாயாருக்குப் பேச்சுத் துணை வேண்டும்; தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்த்து அழைத்துப்போக அக்கம்பக்கம் வேண்டும். அது சிலரை நாடிப் போவது. பிறரைத் தவிர்த்து ஓடுவது வேறு. இரண்டும் ஒரே விலாசத்தில் போய் முடியக்கூடும் என்பதால், காரணத்தை நம்மிடம் நாமே கேட்டுப் பார்க்கவேண்டியிருக்கிறது. அந்தத் தெருவில் குடியிருப்பவரிடம் முகம் பார்த்து அந்தக் காரணத்தைச் சொல்ல முடியுமா? ஓடை என்றால் சொல்லலாம். ரயிலுக்குத் தூரம் என்றாலும் சொல்லலாம்.

"விலை ஏறாவிட்டால்?" என்பார்கள். நியாயமான பயம். வங்கிக் கடனையும் கட்டிக்கொண்டு, ஊரில் உள்ளவர்களுக்கும் பணம் அனுப்பும் குடும்பத்திடம் நஷ்டத்தை ஏற்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. நல்ல வசதியோடு இருக்கும் அன்பர்களும் அதே பயத்தைச் சொல்லும்போதுதான், அது பணத்தைப் பற்றிய பயம்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.