கோபத்துக்கு என்ன வேலை?

2016 ஜூலையில் அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சென்னையில் ஒரு மருத்துவ மாணவர், மாடியிலிருந்து ஒரு நாயைத் தூக்கி வீசுகிறார். இன்னொரு மாணவர் படம் பிடிக்கிறார். 'அவனையும் அதே மாதிரி தூக்கிப் போடு!' என்று கொதித்தார்கள் பலர்.

கோபம் தப்பா? இல்லை சார். 1960-ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம், முதல் குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய். டீ, வடைக் காசு! இதற்குக்கூடக் கோபம் வராவிட்டால் எப்படி?

ஆனால், மாணவரைத் தூக்கிப் போட்டால் நாய்க்கு என்ன லாபம்? அதே கோபத்தோடு சிலர் நாயைத் தேடிப் போனார்கள். எலும்பு முறிந்து, உயிரோடு கிடைத்தது. வைத்தியம் பார்த்து 'பத்ரா' என்று பேர் வைத்தார்கள். மாணவர்கள் மீது வழக்கும் பதிவானது. இரண்டும் நடந்தது. ஆனால், யாரும் யாரையும் தூக்கிப் போடவில்லை.

நாளைக்கே மேடு ஏற முடியாத மாட்டை ஒருவர் சாட்டையால் விளாசுவதைப் பார்க்கிறீர்கள். சட்டையைப் பிடிக்காதீர்கள். முதலில் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுங்கள். மாடு மூச்சு வாங்கட்டும். அப்புறம் பேசுங்கள், கை கொடுத்தவர் பேச்சை அவர் கேட்கக்கூடும். கேட்கவில்லையா? போலீஸுக்குப் போன் போடுங்கள். கோபத்துக்கு அங்கேதான் வேலை.